நூலகத்து ஜெராக்ஸ் மெஷினும் பதிப்புரிமையும்: புதிதாகப் பொறுப்பேற்கும் நூலகருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக நூலகராகச் சேருபவரிடம் முதல் வாரத்திலேயே அக்சஷன் ரிஜிஸ்டரை (வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு எழுதும் பதிவேட்டை) கொடுப்பார்கள், பீரோ சாவியைக் கொடுப்பார்கள், போன ஆண்டின் இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையைக் கொடுப்பார்கள். மூலையில் நிற்கிற ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி மட்டும் பேச்சே வராது. டோனர் தீர்ந்தால் யாருக்குப் போன் பண்ணுவது என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் நூலகத்துக்குச் சட்டச் சிக்கல் வருகிற வழிகளில் அந்த மூலையும் ஒன்று.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சிறு பதிப்பாளரிடமிருந்து. நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றுக்குப் புத்தகப் பட்டியலோடு வந்திருந்தார். அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்று, நீல ரெக்சின் பைண்டிங் போட்ட ஒரு புத்தகத்தை உருவினார். அவர் வெளியிட்ட புத்தகம்தான். ஆனால் அவர் அச்சடித்த பிரதி இல்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஜெராக்ஸ். ஒரு பக்கத்தின் ஓரத்தில், புத்தகத்தை அமுக்கிப் பிடித்தவரின் கட்டைவிரல் கறுப்பு நிழலாக விழுந்திருந்தது. அதற்கு மேலே கல்லூரி முத்திரை, கீழே அக்சஷன் எண். அவர் கோபப்படவில்லை. “விலை நூத்தி இருபதுதான் மேடம். கேட்டிருந்தா கழிவு போட்டுக் கொடுத்திருப்பேனே” என்றார். அந்தப் பிரதி எனக்கு முன்பே எடுக்கப்பட்டது. ஆனால் இரண்டு வருடம் இருப்புச் சரிபார்ப்பில் அந்த எண்ணுக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்து வைத்தவள் நான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்து வருகிறேன். இங்கே எழுதுவது இந்தியச் சட்டத்தை வைத்து. கல்லூரி நூலகம், பொது நூலகம், பள்ளி நூலகம் எதில் சேர்ந்திருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். அங்கே போகவேண்டிய நிலை வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கானது. புத்தகம், கட்டுரை, படம், பாட்டு இவற்றுக்கானது பதிப்புரிமை. அறிவிப்புப் பலகையில் இந்தச் சொல் சரியாக இருக்கட்டும்.

முதல் வேலை: மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

விதி எதையும் எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பொத்தானை அழுத்துவது யார்? காசு யார் கைக்குப் போகிறது? கண்ணாடி மேல் என்ன கவிழ்க்கப்படுகிறது?

நம் ஊர் நூலகங்களில் பொதுவாக மூன்று விதமான ஏற்பாடுகள் உண்டு. வாசகர் புத்தகத்தைக் கொடுக்க, அட்டெண்டரே நகலெடுத்துத் தருவது ஒன்று. வாசகரே நின்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. வளாகத்துக்குள் ஒருவருக்கு இடம் கொடுத்து, அவர் கடை மாதிரி நடத்துவது மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். பொறுப்பு என்று வரும்போது மூன்றும் வேறுவேறு. முதலாவதில் நகலெடுப்பது நூலகத்தின் கை. இரண்டாவதில் வாசகரின் கை, நூலகத்தின் கருவி. மூன்றாவதில் ஒப்பந்தக்காரரின் கை, நூலகத்தின் இடம்.

உங்களுடையது எது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலைகளுக்கு அர்த்தம் வரும்.

வாசகர் செய்யும் தவறு நூலகத்தின் தலையில் எப்படி வருகிறது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பதிப்புரிமை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், குறிப்பிட்ட செயல்களைச் செய்வதும், செய்ய அனுமதிப்பதும் உரிமையாளருக்கே உரியவை என்கிறது. அந்த ‘அனுமதிப்பது’ என்ற சொல்தான் நமக்கு முக்கியம். நாம் நகலெடுக்காவிட்டாலும், பிறர் எடுக்க அனுமதித்தோம் என்று நிரூபிக்கப்பட்டால் நாமும் மீறியவர்களே. 63-ஆம் பிரிவு, தெரிந்தே மீறுபவரோடு, மீறுவதற்குத் துணைபோகிறவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. வியாபார ஆதாயத்துக்காகச் செய்யாத மீறல் என்றால், தகுந்த சிறப்புக் காரணங்களை எழுதிவைத்து நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். ஆனால் இந்தக் குற்றம் பிணையை உரிமையாகக் கேட்கமுடியாத, பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் நிலையில் உள்ள அதிகாரி வாரண்ட் இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்ற 64-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாணவர் பத்துப் பக்கம் எடுத்ததற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. ‘தெரிந்தே’ என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டத்தான். நூலகத்துக்கு என்ன தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதில் உலகத்துக்கே பாடமான வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் காசு போட்டு இயக்கும் நகல் மெஷின்கள் இருந்தன. 1973-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஒருவர், எழுத்தாளர் ஃபிராங்க் மூர்ஹவுஸின் தொகுப்பிலிருந்து ஒரு கதையை அந்த மெஷினில் இரண்டு பிரதி எடுத்தார். அவ்வளவுதான். இதை ஒரு சோதனை வழக்காகவே கொண்டுபோனார்கள். 1975-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் அந்த மீறலுக்கு அனுமதி அளித்ததாகவே கருத வேண்டும் என்றது. நீதிபதி கிப்ஸ் சொன்ன காரணத்தை நம் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும்: மீறலுக்குப் பயன்படக்கூடிய கருவி உன் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அது தவறாகப் பயன்படும் என்று சந்தேகிக்கக் காரணமும் இருக்கிறது, அப்படியும் அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எதுவும் எடுக்காமல் பிறர் கையில் விட்டால், நீ அனுமதித்ததாகத்தான் பொருள். அந்த மெஷின்களில் அறிவிப்பு இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அது வாசகருக்கு எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. புதியவர்கள் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் போதும் என்பதில்லை.

பிறகு 1980-இல் ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்தியது. விதிப்படியான அறிவிப்பு மெஷின் அருகே இருந்தால், மெஷினை வைத்திருப்பதாலேயே நூலகம் அனுமதித்ததாக ஆகாது என்று எழுதினார்கள். அமெரிக்கா இதற்கு முன்பே செய்துவிட்டது. 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களது சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஊழியர் மேற்பார்வை இல்லாமல் வாசகரே இயக்கும் மெஷினில் அறிவிப்பு இருந்தால் நூலகத்துக்கும் ஊழியருக்கும் பொறுப்பு இல்லை என்கிறது. அந்தப் பாதுகாப்பு நூலகத்துக்கு மட்டும்தான், மீறிய வாசகர் தப்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கனடாவில் 2004-இல், டொரண்டோவின் ஆஸ்குட் ஹாலில் உள்ள வழக்கறிஞர் சங்க நூலகத்தின் மீது சட்டப் புத்தகப் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. மெஷினை வைத்தாலே அனுமதித்ததாக ஆகாது, சட்டத்துக்கு உட்பட்டுத்தான் பயன்படுத்துவார்கள் என்று நூலகம் எதிர்பார்ப்பது இயல்பு என்றது. ஆஸ்திரேலியத் தீர்ப்பு உரிமையாளர் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்கிறது என்றும் வெளிப்படையாகவே எழுதியது.

சரி, இந்தியாவில்? அமெரிக்காவில் இருப்பது போல, ‘அறிவிப்பு ஒட்டினால் நூலகத்துக்குப் பொறுப்பில்லை’ என்ற பிரிவு நம் சட்டத்தில் இல்லை. 52-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்குகள் எல்லாம் எந்த நகல் மீறல் ஆகாது என்று சொல்பவை. அதனால் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வேலிதான் பாதுகாப்பு. நான் மூர்ஹவுஸ் வழக்கின் கண்டிப்பான அளவுகோலை வைத்தே என் நூலகத்தை நடத்துகிறேன். அதில் தேறிவிட்டால் மற்ற எதிலும் தேறிவிடலாம்.

அறிவிப்புப் பலகை: என்ன எழுதுவது, எங்கே ஒட்டுவது

நான் பயன்படுத்தும் வாசகம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

“இந்த மெஷினில் நகலெடுப்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள். கடையில் கிடைக்கும் புத்தகத்தை முழுதாக நகலெடுப்பதும், விற்பதற்காக நகலெடுப்பதும் கூடாது. சட்டத்தை மீறினால் நகலெடுத்தவரே பொறுப்பு. சந்தேகம் இருந்தால் நூலகரைக் கேளுங்கள்.”

பல இடங்களில் நான்காவது வாக்கியத்தை மட்டும் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் இருந்தால் நூலகம் கையைக் கழுவுகிறது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பது இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களில் இருக்கிறது. வாசகரை நல்ல வழியில் நிறுத்துவது அந்த இரண்டும்தான். கடைசி வாக்கியத்தை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். கேட்க வருகிற மாணவர் நம்மை நம்பி வருகிறார்.

ஒட்டும் இடம் சுவர் இல்லை. மெஷினின் மூடியைத் தூக்கும்போது கண் எங்கே போகிறதோ அங்கே ஒட்டுங்கள். என் நூலகத்தில் மூடியின் மேல்புறத்தில், கைபிடிக்கு மேலே, லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறேன். மெஷின் சர்வீஸுக்குப் போய் வரும்போதெல்லாம் அது கிழிந்துவிடும். அதனால் நான்கு பிரதிகள் மேசை டிராயரில் தயாராக இருக்கும். அட்டெண்டர் நகலெடுத்துத் தரும் கவுண்டரில் பெரிய எழுத்தில் தனியாக ஒன்று வேண்டும். அமெரிக்க விதியில் இந்தக் கவுண்டர் அறிவிப்பைக் கெட்டி அட்டையில், குறைந்தது 18 பாயிண்ட் எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு அது கட்டாயமில்லை, ஆனால் நல்ல அளவு. தமிழிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள். ஸ்கேனருக்கும் பிரிண்டர் இணைத்த கணினிக்கும் இதே அறிவிப்பு வேண்டும். பலர் மறப்பது அங்கேதான்.

ஒட்டிய அன்று தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு எப்போது முதல் இருக்கிறது என்று பிறகு யாராவது கேட்டால் அதுதான் பதில்.

அட்டெண்டர் நகலெடுத்தால் ஒரு சீட்டு வேண்டும்

வாசகரே எடுக்கும்போது நாம் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய விஷயம். ஆனால் நம் ஊழியர் எடுத்துத் தந்தால் அது நூலகத்தின் செயல். அதற்கு ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். தேதி, பெயர், உறுப்பினர் எண், புத்தகத்தின் பெயர், அக்சஷன் எண், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எதற்காக, கையெழுத்து. ‘என் சொந்தப் படிப்புக்கு / ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற வரியை அச்சிலேயே போட்டுவிடுங்கள்.

சீட்டை 3 ஆண்டு வைத்திருங்கள். இந்த மாதிரி வழக்குகளுக்குப் பொதுவான கால வரம்பு அதுதான். பிறகு கிழித்துப் போட்டுவிடலாம். அதுவரை மேசை மேல் விரித்து வைக்காமல் உள்ளே பூட்டி வையுங்கள். யார் எதை நகலெடுத்தார் என்று வேறு மாணவர்கள் புரட்டிப் பார்ப்பது சரியில்லை.

அட்டெண்டருக்கு மூன்று மணி நேர வகுப்பெல்லாம் தேவையில்லை. ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன்: பைண்டிங் வரைக்கும் வருகிற வேலை என்றால் என்னிடம் அனுப்பு. எங்கள் அட்டெண்டர் அண்ணன் இப்போது என்னைவிடக் கறார். “தம்பி, இது முழுப் புத்தகம், மேடத்தப் பாத்துட்டு வா” என்று அவரே சொல்லிவிடுகிறார்.

எதைத் தயங்காமல் கொடுக்கலாம்

நூலகர் பதிப்புரிமைக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்று சொல்வதும் தவறுதான். சட்டம் வாசகருக்குக் கொடுத்த இடத்தை நாம் பிடுங்கக்கூடாது. முழுப் புத்தகமாகவே தாராளமாக எடுக்கக் கூடியவையும் நிறைய இருக்கின்றன. தமிழ் நூலகங்களுக்கு இந்த விஷயத்தில் தனிக் கொடுப்பினை உண்டு.

முதலில் கணக்கு. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். 2014 முடிவோடு அவருடைய எழுத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்தது. உ.வே.சா. மறைந்தது 1942-இல், அவருடையதும் எப்போதோ பொதுவாகிவிட்டது. இரண்டாவது, நாட்டுடைமை. தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை, பொதுவாகக் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியார், பாரதிதாசன், புதுமைப்பித்தன் என்று அந்தப் பட்டியல் நீளமானது. கணக்குப்படி கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்துக்கு 2078 வரை உரிமை இருந்திருக்கும், ஆனால் 2024-இல் நாட்டுடைமை ஆகிவிட்டது. அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது. மெஷினுக்கு வருவதற்கு முன்பே அங்கே அனுப்பிவிட்டால் மாணவருக்குக் காசும் மிச்சம்.

ஒரு கண்ணி இருக்கிறது. சங்கப் பாடல் பொது. ஆனால் போன வருடம் ஒருவர் எழுதிய உரை அவருடையது. பழைய நாவல் பொது, அதற்குப் புதிதாக எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, வரைந்த படம் இவை அவரவருடையவை. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் ஆயுளிலிருந்து தனிக் கணக்கு. எனவே ‘திருக்குறள்தானே’ என்று முழுப் புத்தகத்தையும் கவிழ்க்கும் முன் அட்டையைப் பாருங்கள், யார் உரை என்று பாருங்கள்.

அரசிதழில் வந்தவை, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை நகலெடுக்க 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. நீதிமன்றமே தடுத்த தீர்ப்பு என்றால் மட்டும் கூடாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு மெஷினுக்கு வருவார்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்திலேயே அவை பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன என்று பலருக்குத் தெரியாது. சொல்லுங்கள்.

பதிப்புரிமை உள்ள புத்தகம் என்றால்

52(1)(a) பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. எத்தனை பக்கம்? ‘பத்து சதவீதம் வரை எடுக்கலாம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். ஆஸ்திரேலியச் சட்டத்தில் அப்படி ஓர் அளவு உண்டு. நம் சட்டத்தில் சதவீதமே கிடையாது. நோக்கத்துக்குத் தேவையான அளவா, அதை எடுத்ததால் புத்தக விற்பனை அடிபடுமா என்று பார்ப்பதுதான் வழி. ஒரு கட்டுரை, ஓர் அத்தியாயம், ஒரு அட்டவணை என்றால் நான் கேள்வியே கேட்பதில்லை. ஒரே ஆள் திங்கள்கிழமை முதல் அத்தியாயம், செவ்வாய் இரண்டாவது என்று வந்தால் கூப்பிட்டுப் பேசுவேன்.

ஆசிரியர் வகுப்புக்காகத் தொகுத்துத் தருவது வேறு கதை. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பாளர்கள், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குப் போட்டார்கள். பாடத்திட்டப்படி பல புத்தகங்களிலிருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள்தான் பிரச்சினை. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், கருவி வந்து அதை எளிதாக்கியதால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடம் நடத்துவதற்காக எடுப்பது 52(1)(i) பிரிவில் வரும், அதற்குப் பக்க அளவு கிடையாது, கடைக்காரரை வைத்து எடுப்பதும் குற்றமில்லை என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தந்தப் பகுதிகள் பாடத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவையா, முழுப் புத்தகங்களை எடுத்தது சரியா என்பதை விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்த வழக்கை ‘எதையும் ஜெராக்ஸ் எடுக்கலாம்’ என்று புரிந்துகொண்டவர்கள் நிறைய. அப்படி இல்லை. பாடத்திட்டத்தோடு தொடர்பு இருக்க வேண்டும், ஆசிரியர் கேட்டிருக்க வேண்டும். அதனால் பேராசிரியர் தொகுப்பு எடுக்கச் சொன்னால், எந்தத் தாளுக்கு, பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். “உங்களுக்கும் சேர்த்துத்தான் சார் இது” என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

முழுப் புத்தகம் கேட்டு வரும் மாணவர்தான் மிகவும் சங்கடமான இடம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும், புத்தகம் 900 ரூபாய் இருக்கும், கண்ணில் தவிப்புத் தெரியும். அவரை விரட்டுவது நம் வேலை இல்லை. தேவையான அத்தியாயத்தை எடுக்கச் சொல்லலாம். ரெஃபரன்ஸ் பிரதியை இரவு மட்டும் கொடுத்துக் காலையில் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கித் தரலாம். அப்புறம், அந்தப் புத்தகத்துக்கு அடிக்கடி ஆள் வருகிறது என்றால் அடுத்த பட்ஜெட்டில் கூடுதலாக நான்கு பிரதி வாங்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. நகல் சீட்டுகளை அடுக்கி வைத்து நான் அப்படி வாங்க வைத்திருக்கிறேன்.

சந்தையில் எங்கும் கிடைக்காத புத்தகத்துக்கு 52(1)(o) இருக்கிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால், வணிக நோக்கமில்லாத பொது நூலகம், அதன் பொறுப்பாளரின் உத்தரவின்படி, நூலகத்தின் உபயோகத்துக்காக மூன்று பிரதிக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒவ்வொரு சொல்லும் நிபந்தனை. பதிப்பாளருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போட்டு, புத்தகம் இருப்பு இல்லை என்ற பதிலை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே எடுங்கள். தொடக்கத்தில் சொன்ன நீல ரெக்சின் பிரதி இந்தப் பிரிவில் அடங்கவில்லை. அந்தப் புத்தகம் கடையில் இருந்தது, யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. வெளியாருக்குத் திறக்காத கல்லூரி நூலகங்கள் இந்தப் பிரிவை நம்பி இறங்கும் முன் நிர்வாகத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையை உள்ளே விட்டிருந்தால்

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் வாடகை, பக்கத்துக்கு எவ்வளவு, மின் கட்டணம் இவ்வளவுதான் இருக்கும். புதுப்பிக்கும்போது மூன்று ஷரத்துகள் சேர்க்கச் சொல்லுங்கள்: பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டே நகலெடுக்க வேண்டும். நூலகத்தின் அறிவிப்பைக் கடையில் வைக்க வேண்டும். புத்தகங்களை முழுதாக எடுத்து அடுக்கி வைத்து விற்கக்கூடாது.

மூன்றாவதுதான் உயிர்நாடி. மாணவர் கொண்டுவந்ததை எடுத்துத் தருவது ஒன்று. ‘செமஸ்டர் புக்’ என்று இருபது ஸ்பைரல் பைண்டிங் பிரதியைத் தயாராகப் போட்டு வைத்து விற்பது முற்றிலும் வேறு. அது திருட்டுப் பதிப்பு. கடையின் அலமாரியை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டால், அந்த நாளிலிருந்து ‘தெரிந்தே’ என்ற சொல் நமக்கும் பொருந்த ஆரம்பித்துவிடும்.

ஸ்கேனர், செல்போன், வாட்ஸ்அப்

மாணவர் தன் போனில் நான்கு பக்கம் படம் எடுத்தால், ஜெராக்ஸுக்கு உள்ள அதே நியாயம்தான். அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் நூலகக் கணினியில் முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, துறையின் வாட்ஸ்அப் குழுவில் நூலகப் பொறுப்பாளரே போடுவது பெரிய ஆபத்து. ஜெராக்ஸ் ஒரு ஆளிடம் நிற்கும், பிடிஎஃப் நிற்காது. நூலகத்திடம் ஏற்கெனவே உள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்க, வணிக நோக்கமில்லாத பொது நூலகத்துக்கு 52(1)(n) இடம் தருகிறது. அது சேமிக்க மட்டும், ஊருக்கெல்லாம் அனுப்ப இல்லை.

பார்வையற்ற மாணவருக்காக என்றால் நிலைமையே வேறு. 2012 திருத்தத்தில் வந்த 52(1)(zb) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு முழுப் புத்தகத்தையே மாற்றித் தர இடம் கொடுக்கிறது. லாபம் இருக்கக்கூடாது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. அந்த மாணவர் வந்தால் சீட்டில் நோக்கத்தை எழுதிக்கொண்டு உடனே ஸ்கேன் செய்து கொடுங்கள். இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

புகார் வந்தால்

பதிப்பாளரோ எழுத்தாளரோ கடிதம் அனுப்பினால் முதலில் பதட்டப்படாதீர்கள், அதைவிட முக்கியமாக எதையும் அழிக்காதீர்கள். வந்த தேதியை எழுதி முதல்வருக்கோ மேலதிகாரிக்கோ அன்றே அனுப்புங்கள். அந்தப் புத்தகத்துக்கான நகல் சீட்டுகளை எடுத்துத் தனியே வையுங்கள். மெஷினில் அறிவிப்பு இருக்கிறதா என்று அன்றைக்கே மறுபடி போட்டோ எடுங்கள். புகாரில் உண்மை இருந்தால், மீறலான பிரதியை அடுக்கிலிருந்து எடுத்துப் பூட்டி வையுங்கள். அந்தப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை இருப்பது தெரியாமல், தெரிந்திருக்கக் காரணமும் இல்லாமல் நடந்தது என்றால் 55-ஆம் பிரிவு நூலகத்தின் சுமையைக் குறைக்கும். ஆனால் தெரியாமல்தான் நடந்தது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நாம் கவனமாக இருந்தோம் என்று காட்ட அந்தச் சீட்டும் போட்டோவும்தான் கையில் இருக்கும்.

நேரில் வந்தால் உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். என்னைத் தேடி வந்த பதிப்பாளரிடம் அன்று நான் செய்தது அதுதான். நீல ரெக்சின் பிரதியை அவர் முன்பே அடுக்கிலிருந்து எடுத்தேன், பதிவேட்டில் அந்த எண்ணை நீக்கி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் பட்டியலிலிருந்து அதே புத்தகத்தை மூன்று பிரதி வாங்க முதல்வரிடம் ஒப்புதல் கேட்டு எழுதினேன். அடுத்த மாதம் புத்தகம் வந்தது.